சாமுவேல் சொல்லி உண்மையாகிவிடக் கூடாது

அடுத்தவன் மாடி வீடு கட்டினால் வயிறெரிகிறவர்கள் உண்டு. அடுத்தவன் மகனுக்கு வேலை கிடைத்தால் மூன்று நாள் சோறு இறங்காதவர்களும் உண்டு. அடுத்தவனுக்கு வந்த பயத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர் என்றால் ஆம்பூர் வட்டாரத்தில் தணிகைவேல் ஒருவர்தான்.

பயம் சாமுவேலுடையது. தணிகைவேல் வேலை பார்த்த அதே தோல் கம்பெனியில் அவன் எலெக்ட்ரீஷியன். மனிதனைவிட அறிவுள்ள இயந்திரம் ஒன்று ஒருநாள் வரும், வந்தால் அது நம் கைக்கு அடங்காது என்பதுதான் அந்தப் பயம். ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்டு போகிற ஊரில், அதுவும் எண்பத்து நாலாம் வருஷத்தில், இப்படி ஒரு பயம் ஒருவனுக்கு வரலாமா என்று கேட்கக் கூடாது. வந்தது. அது எப்படி வந்தது என்பதற்கு முன்னால் தணிகைவேலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இது அவர் கதை.

தணிகைவேல் மாதனூர்க்காரர். பதினாறு வயதில் கம்பெனிக்குள் நுழைந்து, ஈரத்தோல் சுமந்து தோள்பட்டை புண்ணானவர். சுமக்கிறவன் சுமையைப் பார்ப்பதில்லை, இவர் பார்த்தார். எந்தத் தோலில் உண்ணி கடித்த புள்ளி, எந்த மாடு முள்வேலியில் உரசியது, எது வற்றிப்போன கிழட்டு ஆடு என்று மனசுக்குள் பிரித்து வைத்துக்கொண்டே நடந்தார். அறுபத்தெட்டாம் வருஷம் தரம் பிரிக்கிற மேஸ்திரி அம்மை போட்டுப் படுத்துவிட, சரக்கு தேங்கி நின்றது. தணிகைவேல் யாரையும் கேட்காமல் மேஜைக்குப் பின்னால் போய் நின்று இருநூறு தோலைப் பிரித்து அடுக்கிவிட்டார். பெரிய முதலாளி வந்து ஒவ்வொரு அடுக்கிலும் பத்துப் பத்தாக உருவிப் பார்த்தார். ஒன்றைக்கூட மாற்றி வைக்காமல் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த மேஜை தணிகைவேலுடையது.

வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல், அதன் கீழே அந்த மேஜை. நேர் வெயில் விழுந்தால் தோலின் குறை மறைந்துவிடும் என்பதால் தரம் பிரிக்கிற மேஜை எல்லாக் கம்பெனியிலும் வடக்கு ஜன்னலுக்குத்தான் போகும். தணிகைவேல் தோலை விரிப்பார், ஒரு பார்வை. வயிற்றுப் பக்கத்தை மடித்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து. மேல்பக்கம் மெல்லிய சுருக்கமாக எழுந்தால் உயிருள்ள தோல். பொதபொதவென்று எழுந்தால் ஆகாது. பிறகு சாக்பீஸால் பின்பக்கம் ஒரு எண். ஒன்று என்று அவர் போட்டுவிட்டால் அது ஒன்றுதான். சீமையிலிருந்து வந்த வியாபாரிகள்கூட அவர் எண்ணுக்கு மேல் பேசியதில்லை.

அந்தச் செல்வாக்கு மேஜையோடு நிற்கவில்லை. பத்தரை மணி டீக்கு எல்லா செக்ஷன் ஆட்களும் அந்த ஜன்னலடியில்தான் கூடுவார்கள். எலெக்ஷனில் யார் ஜெயிப்பான், யார் வீட்டில் என்ன சண்டை, காமாலைக்கு எந்தக் கீரை, எதுவானாலும் தணிகைவேல் வாய் திறந்தால் மற்றவர்கள் டம்ளரை வாயருகே நிறுத்திக்கொண்டு கேட்பார்கள். பதினாறு வருஷம் இப்படி ஓடியது. மனிதனுக்கு இது போதும். அவருக்கும் போதுமாகத்தான் இருந்தது.

எண்பத்து நாலில் சின்ன முதலாளி வெளிநாட்டுப் படிப்பை முடித்து வந்தார். வந்த கையோடு தோல் அளக்கிற புது இயந்திரம் ஒன்றை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார். அதுவரை ஊசிச் சக்கரம் வைத்த பழைய இயந்திரம்தான். அதில் முள் ஆடி ஆடி நிற்கும். புதியதில் தோலை உள்ளே விட்டால் மறுபக்கம் வருவதற்குள் இத்தனை சதுர அடி என்று சிவப்பு எண் எரியும். அதை மாட்டுகிற வேலை சாமுவேலுக்கு.

சாமுவேலுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மிஷன் ஸ்கூலில் படித்து, ஐ.டி.ஐ. முடித்தவன். ஒல்லி, எப்போதும் சட்டைப் பையில் டெஸ்டர். இயந்திரம் வந்த மரப்பெட்டியில் அடிபடாமல் இருக்கக் கசக்கித் திணித்திருந்த இங்கிலீஷ் பத்திரிகைத் தாள்களை அவன் எறியவில்லை. ஒவ்வொன்றாக நீவி விரித்து, டிக்ஷனரியை வைத்துக்கொண்டு படித்தான். அதில் ஒரு கட்டுரை, நாலு தாள். ஐந்தாவது தாள் கிடைக்கவேயில்லை. கிடைத்த நாலே அவன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது.

ஒருநாள் டீக்கு அந்தத் தாள்களோடு வந்தான்.

"மனுஷனவிட புத்தி ஜாஸ்தியா ஒரு மெஷின செஞ்சா, அது தன்னவிட புத்தி ஜாஸ்தியா இன்னொண்ணு செய்யுமாம். அது இன்னொண்ணு. அப்புறம் நாம செய்யறதுக்கு ஒண்ணும் இருக்காது, நாம செஞ்ச கடைசி மெஷினு அதுதான்னு போட்ருக்காங்க."

"நல்லதுதானப்பா, வேல மிச்சம்" என்றான் கன்னியப்பன். ஈரத்தோலைச் சட்டத்தில் இழுத்துக் கிளிப் மாட்டிக் காயவைக்கிற செக்ஷனுக்கு அவன்தான் தலைவன்.

"அதுக்கு நாம கேட்டது தெரியும், கன்னியப்பா. நாம மனசுல நெனச்சது தெரியாது. அதான் பேஜாரு. புத்தி கம்மியான மெஷினு தப்பா புரிஞ்சிக்கிட்டா நாம நிறுத்திடலாம். நம்மள தாண்டின புத்தி தப்பா புரிஞ்சிக்கிட்டா யாரு நிறுத்தறது?"

எல்லார் டம்ளரும் வாயருகே நின்றது. தணிகைவேல் அதைப் பார்த்தார். பதினாறு வருஷமாகத் தன் பேச்சுக்கு நின்ற டம்ளர்கள்.

"டேய் சாமுவேலு," என்றார், சிரிப்பை வரவழைத்துக்கொண்டு. "ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணா இன்னா பண்ணும் உன் மெஷினு? கம்முனு கெடக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். சாமுவேல் மட்டும் சிரிக்கவில்லை. கிண்டல் என்றே அவனுக்குத் தெரியவில்லை, நிஜமாகவே யோசித்தான்.

"உங்களவிட புத்திசாலி ஒர்த்தன் இருக்கான்னு வெச்சிக்கோங்கண்ணா. நீங்க ஸ்விட்ச்சாண்ட போவீங்கன்னு அவனுக்கு முன்னாடியே தெரியாதா? போகணும்னு உங்களுக்கே தோணாத மாதிரி பேசியே உங்கள உக்கார வெச்சிட மாட்டானா?"

எல்லாரும் தணிகைவேலைப் பார்த்தார்கள். பிறகு கன்னியப்பன், "இது நம்ம மேஸ்திரிக்கு ஆவாது, விட்ரு" என்று சிரித்தான். தணிகைவேலுக்குக் காது மடல் சுட்டது. சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்து மேஜைக்குப் போய்விட்டார்.

அன்று ஆரம்பித்தது. பத்தரை மணிக்கு ஆட்கள் ஜன்னலடிக்குத்தான் வந்தார்கள், ஆனால் முகம் சாமுவேல் பக்கம். நேற்று என்ன படித்தாய், அந்த மெஷினுக்குத் தூக்கம் உண்டா, அதற்குக் கோபம் வருமா என்று கேள்வி மேல் கேள்வி. "கோவமே வேணாம், கோவம் இல்லாமயே நம்மள மிதிச்சிட்டுப் போய்டும்" என்பான் அவன். தணிகைவேல் தானும் ஒரு பயத்தைக் கொண்டுவந்து பார்த்தார். பாலாற்றுத் தண்ணீர் இப்படியே போனால் ஒருநாள் குடிக்க இல்லை, தோல் கழுவக்கூட ஆகாது என்று ஒரு நாள் பெரிய குரலில் சொன்னார். "அது தெரிஞ்சதுதானே" என்று டீயை உறிஞ்சினார்கள். ஊருக்கே தெரிந்த பயத்தில் யாருக்கு ருசி.

வீட்டுக்குப் போனால் அங்கேயும் விடவில்லை. மனைவி பட்டம்மாள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, உங்க கம்பெனில எலெக்ட்ரீசியன் புள்ள ஒண்ணு இருக்குதாமே. மெஷினு நம்மள ஆளும்னு சொல்லுதாம். நெஜமா?"

"யாரு சொன்னது?"

"கொழாயாண்ட பேசிக்கிறாங்க. நல்லா வெவரமா பேசுமாமே அந்தப் புள்ள."

"கொழம்ப ஊத்து."

பதினாறு வருஷத்தில் குழாயடியில் தன்னைப் பற்றி யாராவது பேசியதுண்டா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கேட்டால் அவள் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அதைவிடக் கொடுமை நாற்காலி. சின்ன முதலாளி அறையில் எதிரே ஒரு நாற்காலி உண்டு, வியாபாரிகளுக்கு. வேலையாட்கள் யாரும் அதில் உட்கார்ந்ததில்லை, தணிகைவேலும் எத்தனையோ தடவை நின்றுகொண்டுதான் பேசியிருக்கிறார். அது அவருக்கு ஒரு குறையாகவே தோன்றியதில்லை. ஒருநாள் தற்செயலாக உள்ளே பார்த்தால் சாமுவேல் அதில் உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். சின்ன முதலாளி கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் தணிகைவேலுக்குத் தான் நின்றுகொண்டிருந்தது தெரிந்தது. அன்று முழுதும் அவர் கால் வலித்தது.

இதற்கிடையில் சின்ன முதலாளி ஒரு புதுப் பழக்கத்தைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நூறு தோலுக்கும் எந்த ஷிப்ட் அதிக சதுர அடி எடுக்கிறதோ அந்த ஷிப்டின் பெயர் எழுதிய பச்சைக் கொடி இயந்திரத்தின் மேல் பறக்கும். அவ்வளவுதான், பரிசு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு துணித்துண்டுக்காக மனிதர்கள் என்ன செய்வார்கள் என்பது சின்ன முதலாளி படித்த படிப்பில் இல்லை போலிருக்கிறது. கன்னியப்பன் இருந்த ஷிப்டில் தோலை இன்னும் இழுத்து, சட்டத்தில் கிளிப்பை ஒரு துளை தள்ளி மாட்டினார்கள். மற்ற ஷிப்ட் இரண்டு துளை தள்ளியது. ஈரத்தோல் இழுத்த இழுப்புக்கு வரும், காய்ந்தால் அப்படியே நிற்கும். சிவப்பு எண் ஏறியது. கொடி இங்கும் அங்கும் மாறியது. சின்ன முதலாளிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

முதல் வாரமே தணிகைவேலின் கட்டைவிரலுக்குத் தெரிந்துவிட்டது. வயிற்றுப் பக்கத்தை மடித்து அழுத்தினால் பொதபொதவென்று எழுந்தது. சொல்லலாம் என்று நினைத்தார். பிறகு, என்னை யார் கேட்டார்கள், நாற்காலி போட்டா கேட்டார்கள் என்று விட்டுவிட்டார். எண்ணை மட்டும் ஒன்றிலிருந்து இரண்டாக இறக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

சாமுவேல் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் போகிறான் என்று தெரியவந்தது. லாங் பஜாரில் ஒரு கடிகார ரிப்பேர் கடை மாடியில், அவனைப் போலவே பயந்தவர்கள் ஏழு பேர் கூடுகிறார்களாம். தணிகைவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடை வாங்கப் போகிறேன் என்று பட்டம்மாளிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

தள்ளுவண்டிகளுக்கு நடுவே புகுந்து அந்த மாடிப்படியைக் கண்டுபிடித்து, மேலே போகாமல் பாதிப் படியில் உட்கார்ந்துகொண்டார். பைத்தியங்கள் என்ன உளறுகின்றன, நாளைக்கு டீக்குச் சொல்லிச் சிரிக்கலாம் என்பதுதான் எண்ணம். கடிகாரக்காரர் பேசினார். குடியாத்தத்திலிருந்து விசைத்தறி வைத்திருக்கிறவர் ஒருவர் பேசினார். கணக்கு டீச்சர் ராஜம்மாள் பேசினாள். யாரும் உளறவில்லை. தங்களால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும், இன்றைக்குக் குழந்தையாக இருக்கிறவர்கள் காலத்தில் இது வந்து நிற்கும், அதற்குள் யாராவது சொல்லி வைக்க வேண்டாமா என்று கவலைப்பட்டார்கள். ஒரு கடிதம் எழுதி, இங்கிலீஷில் மாற்றி, இந்த இயந்திரங்களைச் செய்கிறவர்களுக்கு அனுப்பப் போகிறார்களாம். தணிகைவேலுக்கு எல்லாம் புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் இவ்வளவு எரிந்திருக்காது.

அப்போது ராஜம்மாள் டீச்சர் கேட்டாள்: "எப்பவோ வரப்போற மெஷின்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்க. இப்பவே, நம்ம ஊர்ல, கேட்டதை அப்படியே குடுத்து நெனச்சதைக் கெடுத்த விஷயம் ஒண்ணு இருக்கா? ஒரே ஒரு உதாரணம் சொல்லுங்க."

மேலே எல்லாரும் யோசித்தார்கள். சாமுவேலும் யோசித்தான். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

படியில் உட்கார்ந்திருந்தவருக்குத் தோன்றியது. சதுர அடி வேண்டும் என்று கேட்டார்கள், அடி வந்தது, தோல் போயிற்று. எட்டுப் படி ஏறிப்போய் இதைச் சொல்லியிருந்தால் அந்த ஏழு பேரும் எழுந்து இடம் கொடுத்திருப்பார்கள். தணிகைவேல் எழுந்தார். அவன் கூட்டத்துக்கு நான் ஏன் சொல்ல வேண்டும் என்று இறங்கி நடந்தார். குடையும் வாங்கவில்லை.

பத்து நாள் கழித்து சின்ன முதலாளி கூப்பிட்டனுப்பினார். உள்ளே போனால் சாமுவேல் அந்த நாற்காலியில். மேஜைமேல் ஒரு தோல்.

"மேஸ்திரி," என்றார் சின்ன முதலாளி. "இவன் போன வாரம் அளந்த தோல வெச்சிருந்து இன்னிக்கு மறுபடியும் அளந்திருக்கான். அரை அடிக்கு மேல கம்மியா காட்டுது. கொடிக்காக இழுத்து இழுத்து தோல கெடுக்கறாங்கன்றான். நாம மெஷின்கிட்ட அடி கேட்டோம், தோல கேக்கலன்றான். இன்னிக்கு மனுஷன் இழுக்கறான், நாளைக்கு புத்தியுள்ள மெஷின் இழுத்தா ஊரையே இழுத்துடும்னு வேற பயப்படறான். எனக்கு ஒண்ணும் புரியல. தோல்னா உங்களுக்குத்தான் தெரியும். நீங்க சொல்லுங்க. கெட்டிருக்கா, இல்லையா?"

தணிகைவேல் தோலை மடித்தார். கட்டைவிரல் அழுத்த வேண்டிய அவசியமே இல்லை, ஆனாலும் அழுத்தினார். பொதபொதவென்று எழுந்தது. ஆக, படியில் உட்கார்ந்து தான் கண்டுபிடித்ததை இவன் தானாகவே கண்டுபிடித்துவிட்டான். தான் விழுங்கிவிட்டு வந்த வார்த்தையை இவன் உட்கார்ந்துகொண்டு சொல்லிவிட்டான். இப்போது ஆமாம் என்று சொன்னால், சாமுவேல் சொன்னது சரி என்று சாட்சிக்கையெழுத்துப் போடுகிற வேலைதான் தனக்கு மிச்சம்.

"நல்லாத்தான் இருக்கு முதலாளி," என்றார் தணிகைவேல். "காயறப்ப அப்படி இப்படி இருக்கும். இந்தப் பையனுக்கு தோலப் பத்தி இன்னா தெரியும்?"

சாமுவேல் வாயைத் திறந்தான். சின்ன முதலாளி கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அன்று மத்தியானம் அந்தச் சரக்கு முழுதுக்கும், மொத்தம் அறுநூறு தோலுக்கும், தணிகைவேல் ஒன்று என்று எழுதினார். சாக்பீஸ் இரண்டு தடவை உடைந்தது. வாழ்நாளில் அவர் போட்ட முதல் பொய் எண்கள் அவை.

சரக்கு மாதனூர்ப் பக்கம் இருந்த கம்பெனியின் ஷூ யூனிட்டுக்குப் போனது. ஐப்பசி மழை. அங்கே குடோன் ஈரத்தில் மூன்று வாரம் கிடந்த தோல், இழுத்ததையெல்லாம் திருப்பிச் சுருங்கிக்கொண்டது. வெட்டுகிற பெண்கள் தோல்மேல் பேட்டர்னை வைத்து வெட்டினால், நூறு ஜோடி வர வேண்டிய தோல்கட்டிலிருந்து தொண்ணூறுகூட வரவில்லை. வந்ததையும் தைத்து, பாதம் போலிருக்கும் மர அச்சின்மேல் மாட்டி இழுத்தால், ஷூவின் மூக்குப் பக்கம் பிளந்தது. கப்பல் தேதி தவறியது. வாங்குகிறவர் ஆர்டரை ரத்து செய்தார். அறுபது பெண்களை மறு தகவல் வரும்வரை வர வேண்டாம் என்று அனுப்பினார்கள்.

யார் தப்பு? தோல் நல்ல தோல், ஒன்றாம் எண், தணிகைவேல் கையால் போட்டது. அப்படியானால் அளவுதான் பொய். அளக்கிற இயந்திரம் யார் பொறுப்பு? சாமுவேல். அவனோ இயந்திரங்களுக்கு எதிரி என்று ஊருக்கே தெரியும். இயந்திரத்தின் பேரைக் கெடுக்க வேண்டுமென்றே எதையோ செய்துவிட்டான் என்று யாரோ சொல்ல, சாயங்காலத்துக்குள் எல்லாரும் சொன்னார்கள். அவன் இரும்புத் தகடு ஒன்றை, அளவு தெரிந்த தகடு, இயந்திரத்துக்குள் விட்டுக் காட்டினான். எண் சரியாக எரிந்தது. "இப்போ சரி பண்ணி வெச்சிட்டு காட்றான்" என்றார்கள். வரும் சனிக்கிழமை அவனை அனுப்பிவிடுவதென்றும், வேறு எந்தக் கம்பெனியும் எடுக்காதபடி எழுதிக் கொடுத்துவிடுவதென்றும் முடிவாயிற்று.

முதல் நாள் தணிகைவேலுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, நன்றாகவே இருந்தது. பத்தரை மணி டீக்கு எல்லா முகமும் திரும்ப அவர் பக்கம். "நீங்க அன்னிக்கே சொன்னீங்க மேஸ்திரி, அவனுக்கு இன்னா தெரியும்னு" என்றான் கன்னியப்பன், கிளிப்பைத் தள்ளி மாட்டிய அதே கன்னியப்பன். தணிகைவேல் இரண்டு டீ குடித்தார். இரண்டாம் நாள் மாதனூர் பஸ்ஸில் வேலையிழந்த பெண்கள் சாமுவேலைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாமுவேலே மேஜைக்கு வந்தான். கையெல்லாம் கிரீஸ், கண் சிவந்திருந்தது. திட்டப்போகிறான் என்று தணிகைவேல் தயாரானார்.

"அண்ணா, மூணு நாளா மெஷின அக்கக்கா கழட்டிட்டேன்ணா. எங்க தப்புன்னு தெரியல."

"அதுக்கு?"

"நான்கூட தோல இழுத்துதான் கெடுத்தாங்கன்னு நெனச்சேன். ஆனா நீங்க கையில புடிச்சிப் பாத்து நல்லாருக்குன்னு சொல்லிட்டீங்க. உங்க வெரலு தப்பா சொல்லாது. அப்போ தப்பு என் மெஷின்லதான் இருக்கணும். எனக்கு வேல போனா பரவால்லண்ணா. எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சா போதும். நீங்க ஒருவாட்டி வந்து பாக்கறீங்களா? எனக்கு தெரியாதது உங்களுக்குத் தோணும்."

தணிகைவேல் கையிலிருந்த சாக்பீஸை மேஜைமேல் வைத்தார். இத்தனை மாதமாக யார் தன் மரியாதையைத் திருடிக்கொண்டான் என்று வயிறெரிந்தாரோ, அவன் தன் கண்ணால் பார்த்த அளவைத் தூக்கி எறிந்துவிட்டு இவர் கட்டைவிரலை நம்பியிருக்கிறான். மூன்று நாள் தூங்காமல், இல்லாத தப்பைத் தேடியிருக்கிறான். இப்படியொரு மரியாதையை அவருக்கு இதுவரை யாரும் கொடுத்ததில்லை. அது கிடைத்த நேரத்தில் அதை வாங்கிக்கொள்ள அவருக்குத் தகுதி இல்லை. அவருக்கு அழுகை வந்தது. கோபம் வந்ததைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, "நீ போ, வர்றேன்" என்றார்.

இயந்திரத்தடிக்குப் போகவில்லை. ஷூ யூனிட்டிலிருந்து திரும்பி வந்து குடோனில் கிடந்த அந்தச் சரக்கில் ஒரு தோலை எடுத்துக்கொண்டு, நேராக சின்ன முதலாளி அறைக்குப் போனார். கதவை மூடவில்லை. கன்னியப்பன் ஆட்கள் ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றார்கள்.

தோலை மேஜைமேல் போட்டு, மடித்து, அழுத்திக் காட்டினார்.

"இது செத்த தோலு முதலாளி. அன்னிக்கே செத்திருந்தது. என் வெரலுக்கு அன்னிக்கே தெரியும். அதுக்கு மின்னாடி ஒரு மாசமா தெரியும். மெஷினு சரியாத்தான் அளந்துச்சு. இந்தப் பையன் சொன்னது அத்தனையும் நெஜம்."

சின்ன முதலாளி தானும் தோலை மடித்து அழுத்திப் பார்த்தார். "அப்போ ஏன் நல்லாருக்குன்னு சொன்னீங்க?"

பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. கண் மங்கிவிட்டது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்கள், பரிதாபமும் பட்டிருப்பார்கள்.

"பொறாமை," என்றார் தணிகைவேல். "இவன் சொல்லி அது உண்மையாய்டக் கூடாதுன்னு இருந்துச்சு."

சாமுவேல் எப்போது வந்து கூட்டத்தின் பின்னால் நின்றான் என்று யாருக்கும் தெரியாது.

தணிகைவேலின் மேஜை போயிற்று. இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் எங்கே ஆரம்பித்தாரோ அந்த ஈரத்தோல் பக்கமே அனுப்பினார்கள், சுமக்க இல்லை, எண்ணி அடுக்க. பச்சைக் கொடி அன்றே இறங்கியது. சாமுவேல் வேலையில் இருந்தான். அறுபது பெண்களில் நாற்பது பேர் பொங்கலுக்கு அப்புறம் திரும்பக் கூப்பிடப்பட்டார்கள். இருபது பேர் கூப்பிடப்படவே இல்லை. அவர்களில் மூன்று பேர் தணிகைவேலின் தெருவில்தான் இருந்தார்கள். பட்டம்மாள் குழாயடிக்கு இருட்டோடு போய்த் தண்ணீர் பிடித்து வர ஆரம்பித்தாள்.

சாமுவேல் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. மாசி மாதத்தில் ஒருநாள் டீ நேரத்தில் அவனே தேடி வந்து எதிரில் குந்தினான். கையில் எழுதிய தாள்கள்.

"எங்க லெட்டரு முடிஞ்சுதுண்ணா. ராஜம்மா டீச்சர் எழுதினாங்க. உதாரணம் ஒண்ணு வேணும்னு கேட்டுட்டே இருந்தாங்க, நம்ம கொடி விஷயத்த எழுதிட்டாங்க."

"கேட்டாங்க. தெரியும்."

எப்படித் தெரியும் என்று சாமுவேல் அவரைப் பார்த்தான். அவர் டீயை உறிஞ்சினார்.

"அது மட்டும் இல்லண்ணா. நான் இத்தன நாளும் மெஷின நெனச்சுத்தான் பயந்தேன். அதுக்கு புத்தி வந்தா இன்னா பண்ணும், அத எப்படி நிறுத்தறதுன்னு. நிறுத்தக்கூடிய ஆளு பக்கத்துலயே நின்னுட்டு, எல்லாம் தெரிஞ்சும் வாயத் தொறக்க மாட்டான்னு எனக்குத் தோணவே இல்ல. அதையும் ஒரு பக்கம் எழுதியிருக்கோம். உங்களக் கேக்காம எழுதிட்டோம்."

"படி."

சாமுவேல் படித்தான். ஒரு தோல் கம்பெனியில், அனுபவம் மிகுந்த தொழிலாளி ஒருவர், தவறு நடப்பது தெரிந்தும், எச்சரித்தவர்மேல் இருந்த பொறாமையால் உண்மையை மறைத்தார் என்று இருந்தது. டீச்சர் தமிழ், அழகாக இருந்தது. யாரையும் நோகடிக்கவில்லை.

"என் பேரப் போடலியா?"

"போடலண்ணா. எதுக்கு உங்களுக்கு..."

"போடு."

"வேணாம்ணா."

"ஒருத்தர்னு போட்டா, படிக்கறவன் அது வேற எவனோன்னு நெனச்சிக்குவான்," என்றார் தணிகைவேல். "போடு. பேரு, ஊரு, எத்தினி வருஷம் அந்த மேஜையில இருந்தேன், எல்லாம் போடு."

தன் பெயர் எங்கோ கண்காணாத ஊரில் படிக்கப்படும் என்ற ஆசையும் அதில் ஒரு துளி இருந்தது. சாமுவேலுக்கும் அது தெரிந்தது. அவன் பையிலிருந்து பேனாவை எடுத்து, 'ஒருவர்' என்பதை அடித்துவிட்டு, மேலே எழுதினான்.